“தேவைப்பட்டால் கூட்டிக்கலாம்”: வீட்டு ஆக்சிஜன் கருவி விற்பனையில் ஒரு நிகழ்வு ஆய்வு

வீட்டு மருத்துவக் கருவிகளை விற்கும், வாடகைக்கும் கொடுக்கும் கடை ஒன்றில் பொறுப்பாளராக இருக்கிறேன். வாடிக்கையாளரின் தயக்கங்களுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலைதான். இந்த நிகழ்வில் கடைக்கு வந்தவர்கள் எழுப்பிய எல்லாத் தயக்கத்துக்கும் பதில் சொன்னோம். அவர்களும் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பதில்களில் ஒன்று, பத்து நாளில் நோயாளியைத் திரும்ப மருத்துவமனைக்கு அனுப்பியது. ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பின்னணி

நோயாளிக்கு எழுபதை ஒட்டிய வயது. பல ஆண்டு புகைப்பழக்கம் இருந்து, பிறகு விட்டவர். சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். சளித்தொற்று வந்து நோய் திடீரென்று முற்ற, எட்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். வீட்டுக்கு அனுப்பும் முன் எடுத்த தமனி ரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் அழுத்தம் 53 மி.மீ. பாதரசம். மருத்துவர் எழுதிக்கொடுத்தது இது: நிமிடத்துக்கு 2 லிட்டர், தினமும் குறைந்தது 16 மணி நேரம், தூங்கும் நேரமும் சேர்த்து, 12 வாரம் கழித்து மறு பரிசோதனை.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஓய்வாக இருக்கும்போதே அழுத்தம் 55 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் நீண்டகால ஆக்சிஜன் என்பது பொதுவான அளவுகோல். 1980-இல் வட அமெரிக்காவிலும் 1981-இல் பிரிட்டனிலும் வெளியான இரண்டு ஆய்வுகள்தான் இதற்கு அடித்தளம். பிரிட்டன் ஆய்வில் தினமும் 15 மணி நேரமாவது ஆக்சிஜன் எடுத்த 42 பேரில், ஐந்து ஆண்டில் 19 பேர் இறந்தார்கள். எடுக்காத 45 பேரில் 30 பேர் இறந்தார்கள். ஆக, மணிக்கணக்கும் மருந்தின் ஒரு பகுதி. “முடிந்தபோது போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போகிற விஷயமில்லை இது.

கடையில் கேட்ட கேள்விகள்

கடைக்கு வந்தவர்கள் மகனும் நோயாளியின் மனைவியும். ஐயா வீட்டில் படுத்திருந்தார். பேசியதெல்லாம் மகன்தான். அம்மா கதவோரம் நாற்காலியில் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் விற்பனை உதவியாளர் பேசிக்கொண்டிருக்க, நான் பக்கத்து மேஜையில் பில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் கேள்வியே கனமானது. மகன் போனில் குறித்துவைத்திருந்ததைக் காட்டினார். “விரல்ல மாட்டிப் பார்த்தா 91, 92 காட்டுது சார். அப்புறம் எதுக்கு மெஷின்?”

இந்த இடத்தில் உதவியாளர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய், எப்போது எடுத்த அளவு என்று கேட்டேன். மருத்துவமனையில் ஆக்சிஜனைக் கழற்றிய கொஞ்ச நேரத்தில் எடுத்தது என்றார். ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் செறிவை விரலில் மாட்டி அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இரண்டு மூன்று புள்ளி முன்னே பின்னே காட்டும். விரல் சில்லிட்டிருந்தால் தப்பாகக் காட்டும். கருத்த தோல் உள்ளவர்களுக்கு உண்மையைவிடக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. ஆனால் இதையெல்லாம் சொல்லி அவர் வாயை அடைக்க எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. ஓய்வில் உண்மையாகவே 90-க்கு மேல் நிலையாக இருப்பவருக்கு நீண்டகால ஆக்சிஜனால் ஆயுள் கூடுவதில்லை என்று 2016-இல் வந்த பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது. அதனால் அங்கிருந்தே மருத்துவருக்குப் போன் போட்டு, மகன் கையில் கொடுத்தேன். ரத்தப் பரிசோதனையை வைத்துத்தான் எழுதினேன், அதன்படி செய்யுங்கள் என்றார் மருத்துவர். அன்று நாங்கள் சரியாகச் செய்த காரியங்களில் இது ஒன்று.

அடுத்து, அறைக் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இந்த மின்கருவிக்குப் பதிலாக சிலிண்டர் போதாதா என்றார். உதவியாளர் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். 10 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரை 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 2 லிட்டர் போனால் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வேண்டும். தினமும் ஒன்றுக்கு மேல் சிலிண்டர் மாற்ற வேண்டியிருக்கும் என்பது மகனுக்குச் சட்டென்று புரிந்தது. மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதற்கும் அதே கணக்குதான் பதிலானது. ஒரு சிலிண்டர் துணைக்கு இருக்கட்டும், முழுசாகப் பன்னிரண்டரை மணி என்று நம்பாமல் பத்து மணி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்றும் கேட்டார். இந்த வகைக் கருவி 300 முதல் 350 வாட் வரை இழுக்கும். சுத்தமான சைன் அலை தரும் இன்வெர்ட்டராக இருந்தால்தான் ஓட்டலாம், அதுவும் சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும் என்று சொன்னோம்.

இணையத்தில் பாதி விலைக்குப் பழைய கருவி கிடைக்கிறதே என்பது அதற்கடுத்த கேள்வி. இதற்கு உதவியாளர் வாயால் பதில் சொல்லவில்லை. கிடங்கிலிருந்து, பழுதுக்கு வந்திருந்த கருவி ஒன்றை எடுத்துவந்து ஓடவிட்டார். ஆக்சிஜனுக்கு ஈரப்பதம் சேர்க்கும் தண்ணீர் பாட்டிலில் குமிழி நன்றாகவே வந்தது. காற்று வேகமும் குறையவில்லை. பிறகு ஆக்சிஜன் அளவி வைத்தார். 71 சதவீதம் காட்டியது. வாடகைக்குத் தரவிருந்த கருவியில் வைத்தபோது 94. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அதைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியே விடுவது உள்ளே இருக்கும் ஜியோலைட் மணிகள். அவை ஈரம் பட்டுக் கெட்டுப்போனாலும் காற்று வந்துகொண்டேதான் இருக்கும், ஆக்சிஜன்தான் குறைந்துபோகும். குமிழியைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. மகன் இரண்டு எண்களையும் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

தோளில் மாட்டும் சிறிய கருவி கேட்டபோது தரமாட்டோம் என்றோம். அது மூச்சை இழுக்கும்போது மட்டும் ஆக்சிஜனை விட்டு விட்டுத் தரும் வகை. அதில் 2 என்ற எண் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று பொருள் தராது. வாயால் மூச்சு விட்டுத் தூங்குபவருக்கு அது சரியாக வேலை செய்யாமலும் போகலாம். மருத்துவர் எழுதியதோ தொடர் ஓட்டம். மகனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனால் ஏற்றுக்கொண்டார்.

கடைசியாக, கிளம்பும் நேரத்தில், நின்றுகொண்டே கேட்டார். “டாக்டர் 2 லிட்டர்னுதானே எழுதியிருக்கார்? எதுக்கு 5 லிட்டர் மெஷின்?”

“இருக்கட்டும் சார், நாளைக்குத் தேவைப்பட்டா கூட்டிக்கலாம்” என்றார் உதவியாளர்.

நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அது நல்ல பதிலாகத்தான் எனக்கும் பட்டது. சுருக்கமாக இருந்தது, பொய்யும் இல்லை. இதைவிட மோசமான பதில்களை நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கதவோரம் உட்கார்ந்திருந்த அம்மாவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போது என் நினைவிலேயே இல்லை.

வாடகையா, விலைக்கா

மகன் விலைக்கே வாங்கத் தயாராக வந்திருந்தார். வாடகை கொடுப்பது வீண் என்பது அவர் வாதம். நான் வாடகைக்கே எடுக்கச் சொன்னேன். நோய் முற்றி மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பும் சமயத்தில் ஆக்சிஜன் தேவைப்படுபவர்களில் பலருக்கு, நுரையீரல் தேறிய பிறகு தேவைப்படாமல் போகிறது. அதனால்தான் இரண்டு மூன்று மாதத்தில் மறு பரிசோதனை செய்ய வேண்டும் என்பது. மருத்துவரும் அதைத்தான் எழுதியிருந்தார். 12 வாரம் வாடகை, அதன் பிறகும் தேவை என்றால் கொடுத்த வாடகையை விலையில் கழித்துக்கொள்வது என்று முடிவானது.

பொருத்திய நாள்

மறுநாள் மாலை கருவியை வீட்டில் வைத்தோம். இதை முதல் நாள் என்று கொள்கிறேன். வாடகைக் கருவி என்பதால் மணிக்கணக்கு மீட்டரில் ஏற்கெனவே எண் இருந்தது: 2,140.

போனவர் வேறொரு தொழில்நுட்பப் பணியாளர். கடையில் என்ன பேசினோம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. கருவியை ஐயாவின் கட்டில் பக்கத்தில் வைத்தார், ஓட்டத்தை 2-இல் நிறுத்தினார், எப்படி ஆன் செய்வது, பாட்டிலில் எவ்வளவு காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுவது, வடிகட்டியை வாரம் ஒருமுறை எப்படிக் கழுவுவது என்று மகனுக்குக் காட்டினார். புகையும் நெருப்பும் மூன்று மீட்டருக்குள் வரக்கூடாது என்றும் சொன்னார். சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் மகன் பகலெல்லாம் வேலைக்குப் போகிறவர். கருவியைக் கையாளப் போவது அம்மா. அவர் அப்போது உள்ளே ஐயாவுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் வழக்கம்போல் போன் செய்தோம். மகன் எடுத்து, “எல்லாம் நல்லா ஓடுது, ஒரு பிரச்சினையும் இல்ல” என்றார். பதிவேட்டில் ‘திருப்தி’ என்று எழுதப்பட்டது.

பத்தாம் நாள் கண்டது

துணைக்கு வைத்த சிலிண்டரின் ரெகுலேட்டரை மாற்றிக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் வேறு வேலையும் இருந்ததால் நானே போனேன். காலை பத்து மணி இருக்கும்.

கருவி ஓடிக்கொண்டிருந்தது. மீட்டர் 2,187. ஒன்பது நாளில் 47 மணி நேரம். மருத்துவர் சொன்னபடி ஓடியிருந்தால் 140-ஐத் தாண்டியிருக்க வேண்டும்.

அதற்கு அடுத்தபடியாகக் கண்ணில் பட்டது ஓட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய். உள்ளே அந்தச் சின்ன மணி 4-க்கு நேராக மிதந்துகொண்டிருந்தது.

ஐயா கட்டிலில் சாய்ந்திருந்தார். கூப்பிட்டால் கண்ணைத் திறந்தார், பதில் சொல்ல ஆரம்பித்து பாதியில் கண்ணை மூடிக்கொண்டார். நாலைந்து நாளாகக் காலையில் எழுந்ததும் தலைவலி என்கிறார் என்று அம்மா சொன்னார். ராத்திரி நன்றாகத் தூங்குகிறார், காலையிலும் எழுப்ப முடியவில்லை, ஆக்சிஜன் நன்றாக வேலை செய்கிறது போல என்று அவருக்கு ஒரு ஆறுதல்.

எதற்காக 4-இல் வைத்தீர்கள் என்று கேட்டேன். “பகல்ல போட மாட்டேங்கறார் தம்பி. விட்டுப்போனதுக்கும் சேர்த்து ராத்திரி கூட்டி வெச்சேன். தேவைப்பட்டா கூட்டிக்கலாம்னு கடையில சொன்னாங்களே” என்றார்.

அந்த அம்மாவின் கணக்கில் ஒரு குறையும் இல்லை. மதியம் விட்டுப்போன வேலையை இரவில் சேர்த்துச் செய்கிற மாதிரிதான் அவர் இதையும் செய்தார். தப்பு எங்கே என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். சிஓபிடி முற்றியவர்களில் சிலருக்கு ஆக்சிஜன் அளவுக்கு மிஞ்சினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும். காலைத் தலைவலி, அரைத்தூக்கம், பேச்சில் தடுமாற்றம் எல்லாம் அதன் அடையாளங்கள். அதனால்தான் இப்படிப்பட்ட ஆபத்து உள்ளவர்களுக்கு ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை 88 முதல் 92 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்வார்கள், 98-க்கு ஏற்றச் சொல்வதில்லை. ஐயாவின் விரலில் அப்போது 97 காட்டியது.

அந்த ஒரு மணி நேரம்

கருவியை நிறுத்திவிடலாமா என்றுதான் கை முதலில் போனது. நிறுத்தவில்லை. மருத்துவருக்குப் போன் செய்து, பார்த்ததை அப்படியே சொன்னேன்: ஓட்டம் 4, விரலில் 97, அரைத்தூக்கம், தலைவலி. திடீரென்று நிறுத்தாதீர்கள், ஆக்சிஜன் முன்பைவிடக் கீழே இறங்கிவிடும். 2-க்குக் கொண்டுவாருங்கள், உடனே அழைத்துவாருங்கள் என்றார். அவர் லைனில் இருக்கும்போதே திருகைக் குறைத்தேன். மகனுக்குச் சொல்லி, துணைச் சிலிண்டரோடு ஐயாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ரத்தப் பரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடு, வீட்டுக்கு அனுப்பியபோது இருந்ததைவிடக் கூடியிருந்தது. இரண்டு இரவு வைத்துப் பார்த்தார்கள். அளவு இறங்கியது, ஐயாவும் தெளிந்தார். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தார்.

மகன் கோபப்பட்டார். கோபப்பட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. எங்கள் கடையில் சொன்ன வார்த்தைதான் காரணம் என்று அவரிடம் நேராகச் சொன்னேன். உதவியாளரும் வந்து அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஐயா சொன்னது

ஓட்டத்தின் விஷயம் தீர்ந்தது. ஆனால் 47 மணி நேரம் என்ற எண் என்னை விடவில்லை. அம்மா கூட்டிவைத்ததற்கே மூலம், ஐயா பகலில் போடாததுதான். ஏன் போடவில்லை என்று அவரிடம் இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. கடையில் இத்தனை கேள்விக்குப் பதில் சொன்னோமே, அதில் ஒன்றுகூட அவருடையது இல்லை.

பதின்மூன்றாம் நாள் நானும் உதவியாளரும் போனோம். மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டோம். முதலில் “ஒண்ணுமில்ல, போட்டுக்கறேன்” என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். பிறகு மெதுவாக ஒவ்வொன்றாக வந்தது.

கருவி சில நொடிக்கு ஒருமுறை ‘புஸ்’ என்று சத்தம் விடுகிறது, கண் அயரும் நேரத்தில் தூக்கிப்போடுகிறது. மூக்குக் குழாய் இரண்டு மீட்டர்தான், ஜன்னல் வரைகூடப் போக முடியவில்லை. காதுக்குப் பின்னால் எரிகிறது. காட்டச் சொன்னோம், குழாய் உரசும் இடத்தில் தோல் சிவந்து, ஒரு பக்கம் லேசாக உரிந்தே இருந்தது. மூக்கு வறண்டது என்று அம்மா பெட்ரோலியம் ஜெல்லி தடவியிருந்தார். ஆக்சிஜன் போகும் இடத்தில் எண்ணெய்ப்பசையுள்ள களிம்பு கூடாது என்று அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

இவையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில்தான் உண்மையான காரணத்துக்கு வந்தார். மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். அதைக் கழற்றவே இல்லை. அவர் உயிர் போகும் வரை அது மூக்கிலேயே இருந்தது. “இதைப் பழக்கிட்டா அவ்வளவுதான். அப்புறம் எடுக்கவே மாட்டாங்க. எனக்குத் தெரியாதா?”

ஆக்சிஜன் பழகிப்போகும் பொருள் இல்லை என்று சொல்வது எங்களுக்கு மனப்பாடம். உதவியாளர் வாயைத் திறந்ததைப் பார்த்தேன், நல்ல வேளையாக நிறுத்திக்கொண்டார். அந்தப் பயம் கண்ணால் கண்ட ஒன்றிலிருந்து வந்தது; நாங்கள் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு அது அடங்காது. அதற்குப் பதிலாக, மருத்துவர் எழுதிய தாளை மகனிடமிருந்து வாங்கி ஐயா கையில் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்ததே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரிக்கு வந்தார்: 12 வாரத்தில் மறு பரிசோதனை, தேவை இருக்கிறதா என்று முடிவு செய்ய. இரண்டு முறை படித்தார். “அப்போ எடுக்கலாம்னும் இருக்கா?” என்றார். இருக்கலாம், உறுதி சொல்ல முடியாது, பரிசோதனைதான் சொல்லும் என்றேன். இதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

மாற்றி அமைத்தது

கருவியை நடைபாதைக்கு மாற்றி, காற்று இழுக்கச் சுவரிலிருந்து தள்ளி வைத்தோம். 10 மீட்டர் குழாய் போட்டு, கால் தடுக்காமல் சுவரோரமாக ஓட்டி, அடுப்படிப் பக்கம் போகாத மாதிரி நீளத்தை நிறுத்தினோம். குழாயின் மறுமுனையிலும் ஓட்டம் 2 தானா என்று சிறு மீட்டர் வைத்துப் பார்த்தோம். காதுக்கு மெத்தை உறை. மூக்குக்குத் தண்ணீர் அடிப்படையிலான களிம்பு. 2 லிட்டர் ஓட்டத்துக்குப் பெரும்பாலும் ஈரப்பத பாட்டில் தேவைப்படுவதில்லை, ஆனால் இவருக்கு மூக்கு வறள்வதால் இருக்கட்டும் என்று மருத்துவரே சொன்னார். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும் என்று அம்மாவிடம் காட்டினோம்.

திருகின் பக்கத்தில் ஒரு வெள்ளை டேப் ஒட்டினோம். அதில் ‘2’ என்று அம்மாவையே எழுதச் சொன்னோம். பிறகு அவரிடம், ஐயாவுக்கு மூச்சு வாங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். “இதைத் தொட மாட்டேன். டாக்டருக்குப் போன் போடுவேன்” என்றார். பகலில் நாலு மணி நேரம் விட்டுப்போனால்? “விட்டது விட்டதுதான். அதுக்காகக் கூட்டக்கூடாது.” அவர் வாயால் வரும் வரை நாங்கள் கிளம்பவில்லை.

பின்னர் நடந்தது

இருபத்தாறாம் நாள் மீட்டர் 2,398. வீடு திரும்பிய பிறகு ஒரு நாளைக்குச் சராசரி 15 மணி நேரம். பார்க்க யாராவது வந்தால் மட்டும் ஐயா கழற்றிவிடுகிறார் என்றார் அம்மா. அதைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவரிடம் சொல்லச் சொன்னோம், அவ்வளவுதான்.

12 வாரம் முடிந்து எடுத்த பரிசோதனையில், கருவி இல்லாமல் ஓய்வில் ஆக்சிஜன் அழுத்தம் 64. இரவிலும் தேவையில்லை, நிறுத்திவிடலாம் என்று மருத்துவர் எழுதினார். கருவியை எடுத்துவரப் போனபோது ஐயா கதவு வரை வந்தார். “ராத்திரிக்கு மட்டும் வெச்சுக்கட்டுமா? வாடகை குடுத்துடறேன்” என்றார். எடுக்க மாட்டார்கள் என்று பயந்தவருக்கு இப்போது எடுப்பதில் பயம். எங்களுக்கு வாடகை வருமானம்தான். மருத்துவர் நிறுத்தச் சொன்ன ஒன்றை, கேட்கிறார் என்பதற்காக வீட்டில் விட்டுவர மனம் ஒப்பவில்லை. மருத்துவருக்கே போன் போட்டுப் பேசச் சொன்னோம். பேசி முடித்ததும் அவரே பிளக்கைக் கழற்றிக் கொடுத்தார். மீட்டர் 3,411. டேப்பில் அம்மா எழுதிய ‘2’ அப்படியே இருந்தது.

இனி மாற்றுவது

5 லிட்டர் எதற்கு என்ற கேள்விக்கு இப்போது ஒரே பதில்தான் சொல்கிறோம்: “5 என்பது மெஷினோட திறன். உங்களுக்கு எழுதினது 2. அதை மாத்தறது டாக்டர் மட்டும்.” முன்பு சொன்ன பதில் கடையில் விற்பனைக்கு உதவியது. அதே பதில் வீட்டுக்குப் போனதும் பயன்படுத்தும் முறையாக மாறிவிட்டது. அதனால் தயக்கத்துக்குச் சொல்லும் ஒவ்வொரு பதிலையும், கருவியைக் கையாளப் போகிறவர் அதைக் கேட்டுவிட்டு என்ன செய்வார் என்று யோசித்துச் சரிபார்க்கிறோம். “சிலிண்டர் துணைக்கு இருக்கு” என்பதைக்கூட மாற்றினோம். 4 லிட்டரில் வைத்தால் அது ஆறேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்ற கணக்கு அந்தப் பதிலில் இல்லாமல் இருந்தது.

கடையில் வந்த கேள்விகளையும் நாங்கள் சொன்ன பதில்களையும் எழுதி, பொருத்தப் போகிறவரிடம் கொடுக்கிறோம். வீட்டில் செயல்முறை காட்டுவது, பகலில் உடன் இருப்பவருக்குத்தான். அவர் கையால் திருகைத் திருப்பிக் காட்டும் வரை காத்திருக்கிறோம். நோயாளி கடைக்கு வராவிட்டால், பொருத்தும் அன்று அவரிடம் தனியாகப் பத்து நிமிடம் பேசுகிறோம். அந்தப் பத்து நிமிடம் பல நாள் கிடைப்பதில்லை. குடும்பத்தார் கூடவே நிற்பார்கள், அவரும் பேசமாட்டார். அப்படியானால் இன்னொரு முறை போகிறோம்.

மூன்றாம் நாள் போனில் “எப்படி இருக்கு?” என்று கேட்பதை விட்டுவிட்டோம். மீட்டரையும் ஓட்டக் குழாயையும் ஒரே படமாக எடுத்து அனுப்பச் சொல்கிறோம். போன வாரம் ஒரு வீட்டிலிருந்து வந்த படத்தில் ஓட்டம் சரியாக இருந்தது. மீட்டர் மட்டும் மூன்று நாளில் 11 மணி நேரமே கூடியிருந்தது. உதவியாளர் அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போய், நோயாளியின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.